வலது கை மூட்டை

மூட்டை கட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஒரே ஒரு தடவை தாங்களே ஒன்றைக் கட்டி, லாரியில் ஏற்றி, காஷ்மீர் வரைக்கும் அனுப்பிப் பார்க்க வேண்டும். பாதி வழியில் தையல் விட்டு, கட்டியவன் மானம் சந்தி சிரிக்கும்போது தெரியும். அப்துல் கஃபார் கட்டிய மூட்டை எதுவும் அப்படிச் சிரித்ததில்லை. கோணி ஊசியைப் பிடித்துப் பிடித்து அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காய்ப்பேறி, சூடான டீ கிளாஸை அப்படியே பிடித்துக்கொள்ளும் அளவுக்கு மரத்துப் போயிருந்தன. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார். சொல்லிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது பட்டறை. தோலில் கையுறை தைப்பார்கள். வெல்டிங் வேலைக்கும் ஃபவுண்டரி வேலைக்கும் போகிற முரட்டுக் கையுறைகள்தான் வழக்கமான சரக்கு. எப்போதாவது ராணுவத்துக்கு ஆர்டர் வரும். அது வந்தால் உள்ளே கம்பளி வைத்துத் தைக்க வேண்டும். முதலாளி கஸ்தூரிரங்கன் அபிராமபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோடு, சட்டைப் பையில் பாக்கெட் பஞ்சாங்கம். கஃபார் பாய் மீர்சாகிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். கல்யாணமான புதிதில் இந்த வேலையில் சேர்ந்தவர். அப்போது பிறந்திராத மகள் ஆஃப்ரீன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆனாலும் அவர் சைக்கிளும் மாறவில்லை, ஊசியும் மாறவில்லை. முழங்கால் மட்டும்தான் மாறியிருந்தது; ஜி.என். செட்டி சாலையிலிருந்து மாம்பலம் ரயில்வே கேட் பக்கம் வருவதற்குள் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது.

இந்தப் பட்டறைச் சரக்கில் பாயின் மூளையும் சேர்ந்திருந்தது. வடக்கே போகும் சரக்கில் வழியில் யாராவது கை வைத்துவிடுவார்கள். மூட்டையைக் கிழித்து, கையுறைகளை ஜோடி ஜோடியாக உருவிக்கொண்டு, பழையபடி தைத்துவிடுவார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை ஆனபிறகு பாய் ஒரு யோசனை சொன்னார். வலது கையெல்லாம் ஒரு மூட்டை, இடது கையெல்லாம் ஒரு மூட்டை. எவனாவது கிழித்துப் பார்த்தாலும் ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? எவனிடம் விற்பான்? அன்றோடு திருட்டு நின்றது. கஸ்தூரிரங்கன் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். ராணுவச் சரக்கைப் பார்வையிட வரும் மேஜர் ஜெயராமிடம்கூடச் சொன்னார். மேஜர் பாயைத் திரும்பிப் பார்த்து, "நல்ல மூளைதான்" என்றார். புத்தி பலித்தால் அதற்கு மூளை என்று பெயர். பலிக்காமல் போனால் வேறு பெயர் வைப்பார்கள் என்பது பாய்க்கு அப்போது தோன்றவில்லை.

தொண்ணூற்று ஒன்பதாம் வருஷக் கோடையில் கார்கில் மலையில் சண்டை மூண்டது. டீக்கடை டிவியில் எந்நேரமும் பனியும் பீரங்கியும்தான். பட்டறைக்கு அவசர ஆர்டர் வந்தது. சென்னை வெயிலில் கம்பளியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். தைக்கிற பெண்களின் கழுத்திலும் கையிலும் வியர்வையோடு பஞ்சு அப்பிக்கொண்டது. மின்விசிறியைப் போட்டால் பஞ்சு பறக்கிறது, நிறுத்தினால் உயிர் போகிறது. கணக்கும் போனும் பார்த்துக்கொள்ளும் நீரஜா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். யாரும் முணுமுணுக்கவில்லை. கஃபார் பாய் ராத்திரி பகல் பாராமல் எண்ணி, அடுக்கி, தைத்தார். ஒவ்வொரு கையுறையையும் அடுக்கும்போது, இதற்குள் நுழையப் போகிற விரல் எந்த ஊர்ப் பிள்ளையின் விரலோ என்று ஒரு நினைப்பு வரும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் இரண்டு பெரிய மூட்டைகள் தயாராயின. ஒன்று வலது, ஒன்று இடது. ஊரில் பல பட்டறைகளில் சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரி செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் கஸ்தூரிரங்கன் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டைகளின் முன்னால் வந்து நின்றார்.

"பாய், நாளைக்கு செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம்."

"லாரி நாளிக்கிதானே சார் வருது?"

"அதான் சொல்றேன். மிலிட்டரிக்காராள்ட்ட போய், சூலம் இருக்கு, ரெண்டு நாள் கழிச்சு வாங்கோன்னு சொல்ல முடியுமா? போறது சண்டை நடக்கற எடம். மனசு கேக்கலை. பரஸ்தானம் வெச்சுடலாம்."

பரஸ்தானம் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிளம்ப வேண்டிய நாள் போகிற திசைக்கு ஆகாது என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்து, பயணச் சாமான்களில் ஒன்றை வேறொருவர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். சூலத்தையே ஏமாற்றும் ஏற்பாடு.

கஃபார் பாய் சிரிக்கவில்லை. பயணம் கிளம்புகிறவர் புஜத்தில் துணியில் காசு முடிந்து இமாம் ஜாமின் கட்டி அனுப்பிய அம்மாவுக்குப் பிறந்தவர் அவர். போகிறவர் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று செய்கிறார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"சரி சார். இத்த எடுத்துக்கட்டா? இது வாசல்கிட்ட கீது" என்று இடது கை மூட்டையைத் தட்டினார்.

கஸ்தூரிரங்கன் முகம் சுளித்தார். "பீச்சாங்கையையா முதல்ல அனுப்புவா? நன்னாருக்கே. வலது கையை எடு."

"அதுல அட்ரஸ் இன்னும் எழுதல சார்."

எந்தக் கிடங்குக்கு என்பது கடைசி நிமிஷத்தில் மாறும். ஆகவே லாரி வந்து நின்ற பிறகுதான் பாய் மை டப்பாவைத் திறப்பார். அது அந்தப் பட்டறையின் வழக்கம்.

"நாளைக்கு ஏத்தறச்சே எழுதிண்டா போச்சு. ராகுகாலம் இப்பத்தான் முடிஞ்சிருக்கு, நல்ல நேரம் போயிண்டிருக்கு. வடபழனில சரோஜாதேவியம்மா ஷெட்டுல வெச்சுட்டு வா. நமக்கு அது வடக்கு. லாரி போற வழியும் அதான்."

ஒரு மீன்பாடி வண்டியைக் கூப்பிட்டு, மூட்டையைப் போட்டுக்கொண்டு, அதன்மேலேயே உட்கார்ந்து பாய் வடபழனிக்குப் போனார். சரோஜாதேவி, புருஷன் விட்டுப்போன பார்சல் ஆபீஸைத் தனி ஆளாக நடத்துகிற அம்மாள். தென்மாவட்டங்களுக்கு அவருடைய லாரிகள் ஓடின. குரல் உயர்ந்தால் பஸ் டிப்போவில் நிற்கும் டிரைவர்கள்கூட ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஒரு நாளு இங்க இருக்கட்டும்மா. நாளிக்கி எங்க லாரி வந்து எடுத்துக்கும்" என்றார் பாய்.

"இருந்துட்டுப் போவுது பாய். அந்த ஓரமா வையி" என்றார் அந்த அம்மாள், எண்ணிக்கொண்டிருந்த ரசீதுகளிலிருந்து தலை நிமிராமல்.

மறுநாள் லாரி வந்தது. பெரிய தலைப்பாகை கட்டிய டிரைவர். சூலத்துக்குப் பரிகாரமாகக் கஸ்தூரிரங்கன் அவருக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தார். எதற்கு என்று புரியாவிட்டாலும் அந்த மனிதர் சந்தோஷமாகக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். இடது கை மூட்டை ஏறியது. வழியில் வடபழனியில் இன்னொரு மூட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கஸ்தூரிரங்கன் தமக்குத் தெரிந்த இந்தியில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். டிரைவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நானும் கூட போய் ஏத்தி வுட்டு வர்றேன் சார். அட்ரஸ் வேற எழுதணும்" என்றார் பாய், மை டப்பாவோடு.

"வேண்டாம் பாய். ரெண்டு நாளா நீ தூங்கலை, கண்ணெல்லாம் ரத்தமா இருக்கு. நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே போய்ப் பாத்துக்கறேன். நீ ஆத்துக்குப் போ."

அக்கறையோடு சொன்ன வார்த்தைதான். இதை எழுதுகிறபோதும் அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் ஸ்கூட்டரைக் கிளப்புகிற நேரத்தில் நீரஜா உள்ளேயிருந்து, "சார், டெல்லிலேருந்து போன்" என்றாள். அவர் உள்ளே போனார். பேசி முடித்து வெளியே வந்தபோது லாரி போய்விட்டிருந்தது. அதான் விவரமாகச் சொல்லியாயிற்றே என்று நினைத்துக்கொண்டார். டிரைவரோ, செவ்வாய்க்கிழமை வடபழனி கோயில் பக்கம் போனால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வாய் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கோடம்பாக்கம் பாலம் ஏறி வேறு வழியாகப் போயே போய்விட்டார். அன்றைக்கு சரோஜாதேவியும் ஷெட்டில் இல்லை, திருத்தணிக்குப் போயிருந்தார்.

கஃபார் பாய் வீட்டுக்குப் போய், பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

சில வாரம் கழித்து வடக்கேயிருந்து போன் வந்தது. நீரஜா எடுத்துக் கேட்டு, முகம் வெளுத்து, ரிசீவரைக் கஸ்தூரிரங்கனிடம் நீட்டினாள். கையுறை வந்து சேர்ந்தது, ஆனால் எல்லாமே இடது கை. வலது கை ஒன்றுகூட இல்லை. உடனே சரோஜாதேவி ஷெட்டுக்குப் போன் போட்டார்கள். போனை எடுத்தவன் எவனோ, இங்கே அப்படி எந்த மூட்டையும் இல்லை என்று வைத்துவிட்டான். அப்படியானால் டிரைவர்தான் எடுத்துப்போய் எங்கேயோ தொலைத்துவிட்டான் என்று கஸ்தூரிரங்கன் முடிவுகட்டினார். அப்படி நினைத்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

மேஜர் ஜெயராம் மறுநாளே வந்தார். இந்தத் தடவை நாற்காலியில் உட்காரவில்லை.

"மூட்டையை நான் தொடவே இல்லைன்னு டிரைவர் சத்தியம் பண்றான். ஏத்தினீங்களா, இல்லையா?"

கஸ்தூரிரங்கன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விறைப்பான உடுப்புப் போட்ட மனிதர் முன்னால், சண்டைக்குப் போகிற சரக்கை நாள் நட்சத்திரம் பார்த்துப் பக்கத்து ஷெட்டில் வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்களோ, இனிமேல் ஆர்டரே கிடைக்காமல் போகுமோ? பயம் வந்தால் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே நாக்குத்தான்.

"ஏத்தியாச்சு சார்" என்றார்.

"யார் ஏத்தினது?"

"பேக்கிங், லோடிங் எல்லாம் பாய்தான் பாத்துப்பார்."

கஃபார் பாய் ஊசியைக் கீழே வைத்தார். காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு கணம் நீரஜாவைப் பார்த்தார். அவள் குனிந்து மேஜை டிராயரில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

மேஜர் அவர் பக்கம் திரும்பினார். "லெஃப்ட், ரைட்னு பிரிச்சுக் கட்டச் சொன்னது நீங்கதானே?"

"ஆமா சார்."

"துப்பாக்கி சுடுற கை எதுன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"அந்தக் கைக்குப் போட வேண்டியது மட்டும் காணோம். உங்க முழுப் பேர் என்ன?"

"அப்துல் கஃபார்."

மேஜர் அவரைச் சும்மா ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். தைத்துக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இத்தனை வருஷமாக 'பாய், பாய்' என்று கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அன்றுதான் அந்தப் பேர் புதிதாகக் காதில் விழுந்ததுபோல் இருந்தது. இந்த வாரத்துக்குள் மூட்டை வராவிட்டால் விஷயம் போலீசுக்குப் போகும் என்று சொல்லிவிட்டு மேஜர் கிளம்பினார்.

பாய் முதலாளியைப் பார்த்தார். இப்போதாவது சொல்வார், ஜீப் கிளம்புவதற்குள் ஓடிப்போய்ச் சொல்வார் என்று காத்திருந்தார். ஜீப் சந்தைத் தாண்டிப் போயிற்று. கஸ்தூரிரங்கன் வாசல்வரை வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், "நாலு நாள் ஆத்துலயே இரு பாய். நான் பாத்துக்கறேன்" என்றார்.

போன தடவையும் அவர் 'நான் பாத்துக்கறேன்' என்றுதான் சொன்னார்.

சைக்கிளை எங்கெங்கே இறங்கித் தள்ளினார், எங்கே ஏறினார் என்று பாய்க்கு நினைவில்லை. வீட்டில் மனைவி ஷகீலா அவர் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பொறுமை அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

"நீங்களே அந்த ஆபீசருகிட்ட சொல்றதுதானே? மொதலாளி ஐயா நல்ல நேரம் பாத்து வெக்கச் சொன்னாரு, வெச்சேன்னு?"

"இன்னான்னு சொல்றது ஷகீலா? அவரு சொன்னா அது தெரியாம நடந்த தப்பு. நான் சொன்னா சாக்கு."

"உண்மைதானே?"

"உண்மைதான். யாரு வாயிலேந்து வருதுன்னு ஒண்ணு கீதுல்ல?"

ஷகீலா எழுந்து போய் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள். அவர் சாப்பிடவில்லை. தெருவில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டால்கூட எழுந்து உட்கார்ந்தார். போலீஸ் வந்து வாசலில் நின்றால் ஆஃப்ரீன் நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எந்த முகத்தோடு போவாள்? அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மலையில் எவனோ ஒரு பிள்ளை வலது கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு குந்தியிருப்பது கண்ணிலேயே நின்றது. திருடன் என்று சொல்லட்டும், அது ஒரு பொய். ஆனால் அந்தக் கை விறைப்பது பொய்யில்லையே. அவர் உண்மையிலேயே களைத்துப்போனார். வேலை செய்து வருகிற களைப்பு தூங்கினால் போய்விடும். இது தூங்கவே விடாத களைப்பு.

விடிந்ததும் வடபழனிக்குப் போனார். போனில் கேட்டது போதாது, போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது. சரோஜாதேவி அவரைப் பார்த்ததும், "இன்னா பாய், ஆளு இப்பிடி ஒடஞ்சிட்ட?" என்றார். விஷயத்தைக் கேட்டவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, அன்னிக்கு நான் திருத்தணி போய்ட்டனே. நம்ம பசங்க ஷெட்டுல கெடக்குற மூட்டைய வுட்டு வெப்பானுங்களா? பேரும் இல்ல, ஊரும் இல்ல. எந்த லாரி நிக்குதோ அதுல தூக்கிப் போட்டிருப்பானுங்க. போன்ல பேசினது எவன்? வாரத்துக்கு ஒருத்தன் வரான், எவனுக்கு இன்னா தெரியும்?"

அவர் போனைச் சுழற்றினார். மதுரையில் இல்லை. திருநெல்வேலியில் இல்லை. நாகர்கோவில் கிடைக்க வெகுநேரமாயிற்று. அந்தப் பக்கத்து ஆள் சொல்லச் சொல்ல, சரோஜாதேவி ரிசீவரைப் பொத்திக்கொண்டு பாயிடம் சொன்னார்.

"கீதாம். கேக்க ஆளில்லாத மூட்ட ஒண்ணு மூலையில கெடக்குதாம். அதும்மேல குந்தித்தான் டீ குடிக்கிறானுங்களாம். மூலையில கிழிச்சுப் பாத்திருக்கானுங்க. எல்லாம் ஒரே கையா இருக்குன்னு அப்பிடியே வுட்டுட்டானுங்க."

பாய் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மூளை வேலை செய்துதான் இருக்கிறது. ஒற்றைக் கையாக இருந்ததால்தான் மூட்டை பிழைத்தது. அதே ஒற்றைக் கையால்தான் அவர் மாட்டிக்கொண்டார். வடக்கே சூலம் என்று பார்த்துப் பார்த்து அனுப்பியது, தெற்கே இன்னும் கொஞ்சம் போனால் கடல்தான் என்கிற ஊரில் போய் உட்கார்ந்திருந்தது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். சிரிப்புதான் வரவில்லை.

"டீ சாப்புடு பாய்" என்றார் சரோஜாதேவி, குரலைத் தாழ்த்தி.

திரும்புகிற லாரியில் மூட்டை வந்தது. மறுபடி ஒரு மீன்பாடி வண்டி. ஆனால் இந்தத் தடவை பாய் முதலில் மை டப்பாவைத் திறந்தார். ஷெட் வாசலிலேயே மூட்டையின் எல்லாப் பக்கத்திலும் பட்டறையின் பேரைப் பெரிதாக எழுதினார். காய்வதற்குள் ஏற்றியதில் அவர் சட்டையெல்லாம் கறுப்பு.

பட்டறைக்குள் அவர் மூட்டையோடு நுழைந்ததைப் பார்த்து நீரஜா எழுந்து நின்றுவிட்டாள். யாரையும் கேட்காமல் மேஜருக்குப் போன் போட்டது அவள்தான். கஸ்தூரிரங்கன் மூட்டையை ஒரு தடவை சுற்றி வந்து, "கெடைச்சுடுத்தா? பெருமாளே" என்று நாற்காலியில் சாய்ந்தார். பாயிடம் எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. 

மேஜர் வந்தார். மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். எல்லாம் வலது கை, எதுவும் குறையவில்லை. நாகர்கோவிலில் கிழித்துப் பார்த்த மூலையில் மட்டும் கொஞ்சம் டீக்கறை.

"எங்க இருந்துச்சு?"

"நாகர்கோவில்ல சார்" என்றார் பாய்.

"வடக்க போக வேண்டியது தெக்க எப்படிப் போச்சு?"

பாய் கோணி ஊசியில் சணலைக் கோத்தார்.   நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"அத்த மொதலாளி சொல்லுவாரு சார்."

மேலே மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. கஸ்தூரிரங்கன் கைக்குட்டையைத் தேடினார். நீரஜா தன் இடத்தில் எழுந்து நின்று மெதுவாக, "சொல்லுங்கோ சார்" என்றாள். சொன்னவளுக்கே பயமாக இருந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னார். சூலம், பரஸ்தானம், பீச்சாங்கை, பால், டெல்லி போன் எல்லாவற்றையும் சொன்னார். ஏற்றியாயிற்று என்று சொன்னது பொய் என்றும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. முடித்துவிட்டு, தண்டனைக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பையன்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

மேஜர் சிரித்தார்.

முதலில் மூக்குக்குள் சிரித்தார். அப்புறம் அடக்க முடியாமல் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "சூலமா? ஐயையோ. நான் முதல் போஸ்டிங்குக்குக் கிளம்புறப்ப எங்க அம்மாவும் இதையேதான் செஞ்சாங்க. என் டிரங்குப் பெட்டியைப் பக்கத்து வீட்டுல வச்சுட்டாங்க. ரயிலுக்கு நேரமாச்சு, அந்த வீட்டுக்காரங்க பூட்டிக்கிட்டு சினிமாவுக்குப் போயிட்டாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, சார்? மனுஷன்னா இப்படி ஒரு தப்பு நடக்கிறதுதான்."

கஸ்தூரிரங்கனும் சிரித்தார், தப்பித்த மனிதனின் சிரிப்பு. தையல்காரப் பெண்களும் சிரித்தார்கள். எத்தனை நாளாகவோ இறுகிக் கிடந்த பட்டறை ஒரு நிமிஷத்தில் கல்யாண வீடாகிவிட்டது. மேஜர் போகிறபோது பாயின் தோளில் தட்டி, "மனசுல வச்சுக்காதீங்க பாய்" என்றார். நல்ல மனிதர்தான்.

கஃபார் பாய் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சொன்னால் தப்பு, நான் சொன்னால் சாக்கு என்று ஷகீலாவிடம் சொன்னாரே, அதுகூட முழுசாகச் சரியில்லை என்று இப்போது புரிந்தது. அவர் சொன்னால் தப்புகூட இல்லை, தமாஷ். தான் எத்தனை ராத்திரி ஆட்டோ சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்தோம் என்பதை நினைத்துக்கொண்டே, பிரித்த மூட்டையை மறுபடி தைத்தார். நீரஜா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று புதன்கிழமை. புதனும் வடக்கே சூலம்தான். கஸ்தூரிரங்கன் பஞ்சாங்கத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பாயே மூட்டையோடு சென்ட்ரலுக்குப் போய், பார்சல் வண்டியில் ஏறுகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தார். போய்ச் சேர்ந்தது என்று பிற்பாடு போன் வந்தது. அதற்குள் சண்டை ஓய்ந்துகொண்டிருந்தது. எந்தக் கைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. கேட்பதற்கு இவர்களுக்கும் வாய் வரவில்லை.

பாய் மறுநாளிலிருந்து வழக்கம்போல் வேலைக்கு வந்தார். வராமல் எங்கே போவார்? பழையபடி மெஷின்கள் ஓடின, பழையபடி எல்லாரும் பாய், பாய் என்றார்கள். கஸ்தூரிரங்கன் முன்னைவிட மரியாதையாகப் பேசினார். 'நீ' என்பது 'நீங்கோ' ஆயிற்று. அதைக் கேட்கும்போதெல்லாம் பாய்க்கு ஏனோ இன்னும் களைப்பாக இருந்தது.

ஐப்பசி மழையில் அடுத்த ராணுவ ஆர்டர் வந்தது. சண்டை முடிந்தாலும் மலையில் குளிர் முடியாது. கஸ்தூரிரங்கன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, பாய் தரையில் உட்கார்ந்து கையுறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வலது, ஒரு இடது, இரண்டையும் சேர்த்துச் சணலால் ஒரு கட்டு. பக்கத்தில் ஜோடி ஜோடியாகக் குவிந்து கிடந்தது.

"என்ன பாய், ஜோடியா கட்டறேள்? முன்ன மாதிரி பிரிச்சுக் கட்டலையா? வழியில எவனாவது உருவிண்டுடுவானே."

பாய் கட்டின முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"போனா ஜோடியாவே போவட்டும் சார். ஒத்தையா போனாதான் என் பேரு இன்னான்னு கேக்கறாங்க."

கஸ்தூரிரங்கன் குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அவர் அதை மூலையில் சாத்திவிட்டுத் தன் மேஜைக்குப் போனார்.